மூன்று நிமிடத்துக்கு நூறு சுற்று

நேற்று இரவு, என் டர்ன்டேபிளில் (இசைத்தட்டு ஓட்டும் கருவியில்) சுழல்தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த வெள்ளைக் காகிதத் துண்டு மூன்று நிமிடத்தில் சரியாக 100 முறை கண்ணெதிரே கடந்துபோனது. இசைத்தட்டு ஓட வேண்டிய வேகம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் மூன்று நிமிடத்துக்கு 100. கணக்கு அவ்வளவுதான். அந்த நூறைப் பார்க்க எனக்கு ஏழு வாரம் ஆனது. இடையில் இரண்டு பெல்ட், ஒரு ஊசி, பாதி பாட்டில் ஆல்கஹால், ஒரு பெரிய தப்பு. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் என் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த ஆல்பத்தை முழுதாகக் கேட்டாலும் அன்றைக்கே நாலு வரி எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு. விமர்சனம் என்று இல்லை. எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன், எங்கே கவனம் நழுவியது, மறுபடி கேட்பேனா என்பது மட்டும். ஜாஸ், ரெகே, மெட்டல், இந்துஸ்தானி, பியானோ, எலக்ட்ரானிக் எல்லாம் கலந்து கிடக்கும். நாலு வருஷத்துக்கு முன், மோட்டார் ரப்பர் பெல்ட்டால் சுழல்தட்டைச் சுற்றும் ஒரு பழைய பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள் கைக்கு வந்தது. அதற்கப்புறம் எழுதியது பெரும்பாலும் இசைத்தட்டில் கேட்டு எழுதியது.

அந்த நாலு வருஷப் பக்கங்களில் சில வரிகள்: க்ளென் கூல்டின் 1981 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்', "பியானோ தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு." ஜோனி மிட்செலின் 'ப்ளூ', "குரல் குத்துது. கடைசிப் பாட்டுக்கு முன்னாடியே எடுத்துட்டேன்." பாப் மார்லியின் 'எக்சோடஸ்', "பேஸ் ஒரே குழப்பம். எல்லாரும் ஏன் இதைக் கொண்டாடுறாங்க?" பிரையன் ஈனோவின் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்', "அடியில ஒரு இரைச்சல். தூங்கிட்டேன்." ஆல்பங்களைப் பற்றி எழுதுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது படித்தால், பாதி வரிகள் பெல்ட்டையும் ஊசியையும் பற்றியவை என்று தெரிகிறது.

கண்டுபிடித்தது அக்கா. அவள் வயலின் வாசிப்பவள். ஒரு நாள் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' போட்டிருந்தேன். 1986இல் தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் (Bach) காணிக்கையாக அவர் செய்த ஆல்பம். வி.எஸ். நரசிம்மனின் வயலினோடு சேர்ந்து வாசித்துப் பார்க்கிறேன் என்று அக்கா தன் வயலினை எடுத்தாள். இரண்டு வில் போட்டதும் நிறுத்திவிட்டாள்.

"டேய், சேரவே மாட்டேங்குதே. இப்பத்தானே சுருதி சேத்தேன்."

"உன் தந்தி இறங்கியிருக்கும்க்கா."

"என் தந்தி சரியாத்தான் இருக்கு. உன் தட்டுதான் இறங்கிக் கிடக்கு. ட்யூனர் வச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தேன். எந்த ஸ்வரமும் கோட்டில் நிற்கவில்லை. எல்லாம் ஏறக்குறைய அரைச்சுரத்தில் பாதி கீழே.

வேகத்தை அளப்பதிலேயே முதல் சறுக்கல். ஸ்ட்ரோப் தட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தேன். கோடுகள் அச்சடித்த அந்த வட்டத்தை விளக்கொளியில் சுழலவிட்டால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரிய வேண்டும். விளக்கு மின்சாரத்தோடு சேர்ந்து சிமிட்டினால்தான் அது நடக்கும். என் அறையில் இருப்பது எல்.இ.டி. விளக்கு. கோடு நிற்கவும் இல்லை, ஓடவும் இல்லை, வெறும் சாம்பல் வளையமாகத் தெரிந்தது. அடுத்து போனைச் சுழல்தட்டின் மேல் வைத்துச் சுற்று எண்ணும் செயலி. போனின் கனமே பெல்ட்டை இழுக்கிறது. எண் ஒவ்வொரு தடவையும் வேறு. கடைசியில் காகிதத் துண்டுக்கு வந்தேன். ஓரத்தில் ஒட்டி, தட்டைப் போட்டு, ஊசியையும் இறக்கி ஓடவிட வேண்டும். ஊசியின் உரசலும் சேர்ந்ததுதான் உண்மையான வேகம். கண்ணால் எண்ணியபோது அறுபதைத் தாண்டியதும் தப்பவிட்டேன். அதனால் மூன்று நிமிடம் வீடியோ எடுத்து, மெதுவாக ஓட்டி எண்ணினேன். 97½ சுற்று. நூற்றுக்கு இரண்டரை குறைவு. 440 ஹெர்ட்ஸ் வர வேண்டிய இடத்தில் 429 வரும். அக்காவின் காது சொன்னது அதைத்தான்.

சுழல்தட்டைத் தூக்கினேன். பெல்ட் கழன்று கையோடு வந்தது, எந்த இழுப்பும் இல்லாமல். ஓரிடத்தில் பளபளப்பு, ஓரிடத்தில் மோட்டார் கப்பி பதிந்த மடிப்பு. மாதக் கணக்கில் ஓட்டாமல் விட்ட காலத்தில் விழுந்த மடிப்பாக இருக்கும். அந்த மடிப்பு கப்பியைக் கடக்கும்போதெல்லாம் சுருதி ஒரு துளி தொங்கி மீண்டும் ஏறும். கூல்டின் பியானோ தண்ணீருக்குள் போனது அங்கேதான்.

அடுத்த தப்பு முழுக்க என்னுடையது. கழற்றிய பெல்ட்டை மேசையில் நேராக்கி அளந்தேன், சுற்றளவு 584 மி.மீ. அதே அளவில் புதுசு வரவழைத்தேன். மாட்டினால் அதுவும் தொளதொளவென்று வழுக்குகிறது. நீண்டுபோன பெல்ட்டை அளந்து நீண்டுபோன அளவிலேயே இன்னொன்று வாங்கியிருக்கிறேன். அளக்க வேண்டியது பெல்ட் ஓடும் பாதையை. ஒரு நூலைக் கப்பியையும் சுழல்தட்டின் உள்வளையத்தையும் சுற்றி இறுக்கிப் பிடித்து, சேரும் இடத்தில் பேனாவால் குறித்து, நூலை நீட்டி அளந்தால் 590 மி.மீ. வந்தது. ரப்பர் பெல்ட் அதைவிட ஐந்து சதவீதம் வாக்கில் சின்னதாக இருந்தால்தான் பிடிப்பு இருக்கும். 560 மி.மீ. பெல்ட் வந்து சேரப் பத்து நாள்.

அந்தப் பத்து நாளில் அச்சுக்குழியைச் சுத்தம் செய்தேன். சுழல்தட்டின் நடு அச்சு இறங்கும் குழியின் அடியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய எஃகுக் குண்டு ஒன்று இருக்கிறது. அதன் மேல்தான் மொத்தப் பாரமும் சுழல்கிறது. குழிக்குள் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்தால் பழைய எண்ணெய் பழுப்பு மெழுகாக ஒட்டி வந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பதினொன்றாவது குச்சிதான் வெள்ளையாக வெளியே வந்தது. மூன்று சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் போதும். நான் ஏழெட்டு விட்டேன். நிறைய விட்டால் நல்லது என்று தோன்றியது. அச்சை இறக்கியதும் எண்ணெய் பொங்கி வழிந்தது. அப்போது துடைத்ததாக நினைத்தேன். புது பெல்ட் மாட்டிய அன்று பாதித் தட்டு ஓடுவதற்குள் உள்வளையத்தில் மிச்சம் இருந்த எண்ணெய் அதில் ஏறிவிட்டது. பெல்ட், வளையம், கப்பி மூன்றையும் ஆல்கஹாலால் துடைத்துக் காயவைத்து மாட்டினேன். அன்றிலிருந்து பெல்ட்டை வெறும் விரலால் தொடுவதில்லை. பஞ்சுத் துணியால் பிடிக்கிறேன்.

இப்போது எண்ணினால் 101½. அதிகம்! பழைய பெல்ட் தளர்ந்த காலத்தில் எனக்கு முன் வைத்திருந்தவர் வேகத் திருகை ஏற்றிவைத்திருக்க வேண்டும். என் மோட்டாரின் அடியில் இரண்டு சின்னத் துளைகள் உண்டு. ஒன்று 33க்கு, இன்னொன்று 45க்கு. ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழிருந்து திருக வேண்டும். இரண்டு பக்கமும் தடிப் புத்தகங்களை அடுக்கி, அதன் மேல் டர்ன்டேபிளை ஏற்றி, ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்துவிட்டு, தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு மெல்லிய திருப்புளியால் திருகினேன். திருப்புளி ஒரு நூலளவு நகர்ந்தாலே மூன்று நிமிடக் கணக்கில் அரைச் சுற்று மாறுகிறது. ஒவ்வொரு தடவையும் வீடியோ எடுத்து எண்ணுவதற்குப் பொறுமை போய்விட்டது.

பெரிய தப்பு இங்கேதான். காதை வைத்தே சரிசெய்துவிடலாம் என்று முடிவுசெய்தேன். பியானோவின் சுருதி நடுவில் மாறாது. ஆகவே பியானோ உள்ள தட்டு ஒன்றைப் போட்டு, அக்காவின் கீபோர்டோடு சேரும்வரை திருகினால் போதும். எடுத்தது மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் ஆல்பம் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. எனக்கு மனப்பாடமான தட்டு, பழைய அச்சு. முதல் பக்கத்தைப் போட்டு, பியானோ வாசிக்கும் பில் எவன்ஸ் கோர்டுகளை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களை) நிறுத்தி நிறுத்தி வாசிக்கும் இடங்களில் கீபோர்டை அழுத்தி அழுத்திப் பார்த்து, இறக்கிக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. நடுவில் அலையடிக்கும் அந்த நடுக்கம் நின்றது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

மறுநாள் 'ஹவ் டு நேம் இட்?' போட்டேன். இறங்கித்தான் இருந்தது, முன்பைவிடக் குறைவாக. கூல்டைப் போட்டேன், அதுவும் இறக்கம். பெல்ட் திரும்ப வழுக்குகிறது என்று நினைத்து எல்லாவற்றையும் பிரித்தேன். வளையத்தைத் துடைத்தேன், அச்சைத் துடைத்தேன், எண்ணெய் மாற்றினேன். இரண்டு மாலை வீண். மூன்றாம் நாள் வேலையெல்லாம் விட்டுவிட்டு, சும்மா கேட்கலாம் என்று 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். பழக்கத்தில் ஒரு கை கீபோர்டில் இருந்தது. சேரவில்லை. அதே தட்டு, அதே குழு, அதே வேகம். முதல் பக்கம் சேர்கிறது, இரண்டாம் பக்கம் இறங்கியிருக்கிறது.

அப்போதுதான் எப்போதோ படித்த விஷயம் நினைவுக்கு வந்தது. அந்த ஆல்பம் 1959இல் இரண்டு நாட்களில் பதிவானது, மார்ச் 2, ஏப்ரல் 22. முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் மார்ச் மாதத்தவை. அன்றைக்குப் பதிவு செய்த நாடா இயந்திரங்களில் ஒன்று கொஞ்சம் மெதுவாக ஓடியது. மெதுவாக ஓடிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறி ஒலிக்கும். பல பத்தாண்டுகள் தட்டுகள் அந்த நாடாவிலிருந்தே அச்சாகின. 1992இல்தான் சரியாக ஓடிய இன்னொரு இயந்திரத்தின் நாடாவை எடுத்துத் திருத்தி வெளியிட்டார்கள். என்னிடம் இருப்பது அதற்கு முந்திய அச்சு. அதன் முதல் பக்கம் பிறவியிலேயே ஏறின சுருதி. அதை அளவுகோலாக வைத்து என் மோட்டாரை நான் இறக்கியிருக்கிறேன்.

காகிதத் துண்டை மறுபடி ஒட்டி எண்ணினேன். நூற்றைத் தொட இன்னும் ஒரு சுற்றுக்கு மேல் பாக்கி.

அன்றிரவு திருகைத் தொடாமல் அந்த ஆல்பத்தை இரண்டு பக்கமும் கேட்டேன். என் நோட்டில் இதற்கு மட்டும் நாலு பதிவு உண்டு. எல்லாவற்றிலும் "முதல் பக்கத்தில் ஒரு வெளிச்சம், இரண்டாம் பக்கம் சாயங்காலம்" என்கிற மாதிரி ஏதாவது எழுதியிருக்கிறேன். அந்த வெளிச்சத்தில் எவ்வளவு வாசிப்பில் இருந்தது, எவ்வளவு நாடா வேகத்தில் இருந்தது என்று என்னால் இப்போது பிரிக்க முடியவில்லை. பிரிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. என் இயந்திரம் மெதுவாக ஓடியபோதும் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் மட்டும் அப்படியே இருந்திருக்கிறது, அதைக் காது பிடித்திருக்கிறது. இந்த ஏழு வாரத்தில் எனக்குப் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்.

வேகத்தை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு ஊசிக்குப் போனேன், ஏனென்றால் புது ஊசி வந்துவிட்டது. மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அதற்கே போனது. பழையதை 60 மடங்கு காட்டும் கைலென்ஸில் பார்த்தேன். நுனி உருண்டையாக இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் தட்டையாகத் தேய்ந்து மினுங்கியது. ஊசியைத் தாங்கும் சின்னப் பெட்டியான கார்ட்ரிட்ஜைக் கழற்றும்போது பின்னால் உள்ள நாலு மெல்லிய கம்பிகளில் பச்சையின் கிளிப் உடைந்து கையில் வந்துவிட்டது. குறட்டால் நேராக இழுத்திருக்க வேண்டும், நான் ஆட்டி இழுத்தேன். கம்பியைக் கார்ட்ரிட்ஜிலிருந்து முழுசாக விலக்கி வைத்துக்கொண்டு பற்றவைத்தேன்; சூடு உள்ளே போனால் கார்ட்ரிட்ஜே போய்விடும்.

ஊசியின் அழுத்தத்துக்கு, ஊசிக் கையின் பின்முனையில் இருக்கும் பின்பாரத்தில் அச்சடித்த எண்ணை நம்பித்தான் நாலு வருஷம் ஓட்டினேன். அது 2 கிராம் என்றது. ஊசித் தராசில் வைத்தால் 1.35 கிராம். அழுத்தம் குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஊசி பள்ளத்தில் பதியாமல் துள்ளித் துள்ளி ஓடி, சுவரை அறுக்கும். 2.0க்குக் கொண்டுவந்தேன். அப்புறம் அச்சடித்த அளவுத்தாளை வைத்து, நடு அச்சிலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. ஆகிய இரண்டு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு இணையாக நிற்கிறதா என்று பார்த்துத் திருகுகளை முடுக்க வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது நகரும். ஒன்றரை மணி நேரம் ஆனது. கழுத்து வலித்தது.

முதலில் போட்டது ஜோனி மிட்செலின் 'ப்ளூ', 1971. தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசிக்கடியில் வினாடிக்கு 51 செ.மீ. ஓடுகிறது, லேபிளுக்குப் பக்கத்தில் 21 செ.மீ.தான். அதே பாட்டை அவ்வளவு குறுகிய இடத்தில் நெருக்கி எழுதியிருப்பதால், தேய்ந்த ஊசியும் கோணல் கார்ட்ரிட்ஜும் பக்கத்தின் கடைசியில்தான் மோசமாகக் காட்டிக்கொடுக்கும். 'ஸ்', 'ஷ்' எல்லாம் துப்பியது மாதிரி சிதறும். அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு பியானோவும் குரலும் மட்டும். நாலு வருஷம் அந்தப் பாட்டுக்கு முன்னால் ஊசியைத் தூக்கியிருக்கிறேன். இப்போது முழுசாகக் கேட்டேன். குரல் மேலே போகும் இடங்களில் நான் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தேன், குத்தவில்லை. ஒரு வாக்கியத்தின் முடிவில் அவர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. பாட்டு முடிந்து ஊசி லேபிள் ஓரத்தில் உரசிக்கொண்டிருந்தது, எழுந்துபோய் எடுக்க வெகுநேரம் ஆனது. நோட்டில் பழைய வரியை அடிக்கவில்லை. பக்கத்தில் தேதி போட்டுப் புதிதாக எழுதினேன்.

'கால் ஆஃப் த வேலி'யும் அன்றைக்கே. 1967, ஷிவ்குமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கிட்டார். ஒரு மேய்ப்பனின் ஒரு நாள், விடியலில் ஆஹிர் பைரவில் தொடங்குகிறது. முன்பு சந்தூர் எனக்குப் பல் கூசும். இப்போது கோல் தந்தியைத் தொடும் சத்தம் தனியாக, அதற்கப்புறம் தந்தி அதிர்வது தனியாக. சின்னத் தட்டல், பிறகு நீளமான மினுக்கு.

பேஸ் விஷயத்துக்கு ஊசி உதவவில்லை. 'எக்சோடஸ்' போட்டு ஒலியைக் கூட்டினால் ஆஸ்டன் பாரெட்டின் பேஸ் ஒன்றோடொன்று ஒட்டி ஊளையிட்டது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மோட்டாரை நிறுத்தி, நிற்கும் தட்டின் மேல் ஊசியை இறக்கி, ஒலியைக் கூட்டிவைத்து, டர்ன்டேபிள் இருக்கும் பலகையை விரல்நுனியால் தட்ட வேண்டும். ஸ்பீக்கரில் தொம் என்று கேட்டது. ஸ்பீக்கரும் அதே அலமாரியில்தான் இருந்தது. ஸ்பீக்கர் பலகையை ஆட்ட, பலகை ஊசியை ஆட்ட, ஊசி அதையே திரும்ப ஸ்பீக்கருக்கு அனுப்பியிருக்கிறது. ஸ்பீக்கரைத் தனியாக இறக்கினேன். கூடவே டென்னிஸ் பந்துகளை இரண்டாக வெட்டி டர்ன்டேபிள் காலுக்கு அடியில் வைத்தேன். அது தப்பு. ஊளை நின்றது, ஆனால் அறையில் நடந்தாலே மொத்தமும் தள்ளாடி ஊசி குதித்தது. பந்தை எடுத்துவிட்டு, 45க்கு 35 செ.மீ., 3 செ.மீ. கனமுள்ள கருங்கல் பலகை ஒன்றை நாலு ரப்பர் வில்லைகளின் மேல் வைத்து, அதன் மேல் ஏற்றினேன். 12 கிலோவுக்கு மேல் கனக்கும் கல். இப்போது பலகையைத் தட்டினால் மெல்லிய டக், அவ்வளவுதான்.

'எக்சோடஸ்' 1977இல் வந்தது. அதற்கு முந்திய டிசம்பரில் மார்லியைச் சுட்டார்கள். அதன் பிறகு லண்டனில் இருந்தபடி செய்த ஆல்பம். "பேஸ் குழப்பம்" என்று நான் எழுதியது எவ்வளவு தவறு! அந்த பேஸில் இருப்பதே இடைவெளிதான். ஒரு சொல் சொல்லிவிட்டு நிறுத்துகிறது, அந்த நிறுத்தத்தில் மேளமும் கிட்டார் வெட்டும் வந்து உட்கார்கின்றன. என் அலமாரி அந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டிருந்தது. முதல் பக்கத்தை அடுத்தடுத்து மூன்று தடவை கேட்டேன். கல்லுக்கும் ரப்பருக்கும் ஆன செலவு, தேவையில்லாமல் வாங்கிய முதல் பெல்ட்டைவிடக் குறைவு.

அடியில் ஓடிய இரைச்சல் சுலபமாகத் தீர்ந்தது. தரைக்கம்பியின் (எர்த் கம்பியின்) பித்தளைக் கவ்வியில் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து முடுக்கியதும் அடங்கிவிட்டது. அதுவரை 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' எனக்கு இரைச்சலின் மேல் மிதந்த பியானோ. 1978இல் ஈனோ வெவ்வேறு நீளமுள்ள நாடா வளையங்களைச் சுழலவிட்டுச் செய்தது. வளையங்கள் ஒரே இடத்தில் திரும்பச் சேர்வதில்லை என்பதால் ஒவ்வொரு முறையும் இடைவெளி மாறும். நிசப்தமும் அதில் ஒரு வாத்தியம். தட்டைக் காய்ச்சி வடித்த நீரில் கொஞ்சம் ஆல்கஹால் கலந்து கழுவினேன். (78 சுற்று அரக்குத் தட்டுகளுக்கு ஆல்கஹால் கூடவே கூடாது, கரைந்துவிடும்.) இந்தத் தடவை தூங்கவில்லை. அடுத்த ஸ்வரம் எப்போது விழும் என்று பதினைந்து நிமிடத்துக்கு மேல் காத்துக்கொண்டே இருந்தேன்.

சரி, வேகத்துக்கு வருகிறேன். நேற்று மாலை புத்தக அடுக்கை மறுபடி கட்டினேன். இந்த முறை தட்டு எதையும் நம்பவில்லை, காகிதமும் கடிகாரமும் மட்டும். திருகு, வீடியோ, எண்ணு. 98.8, 99.6, 100.3, 99.9. அரை மணி ஓடவிட்டு மோட்டார் சூடான பிறகு எண்ணினால் சரியாக 100. அக்காவைக் கூப்பிட்டு 'ஹவ் டு நேம் இட்?' போட்டேன். வயலினை எடுத்து வந்து ஒரு நீளமான வில் போட்டாள். "ம்ம். இப்ப சேருது" என்றாள். பக்கம் முடியும்வரை நிறுத்தவே இல்லை.

அவள் போன பிறகு கூல்டின் இரண்டு 'கோல்ட்பர்க்'கையும் அடுத்தடுத்து கேட்டேன். 1955 பதிவு மொத்தம் 38 நிமிடம், 1981 பதிவு 51 நிமிடம். இரண்டும் பதிவானது நியூயார்க்கில் கொலம்பியாவின் 30ஆவது தெரு ஸ்டூடியோவில், முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வும் அதே அறைதான். 1981இன் முதல் ஆரியாவில் (தொடக்க மெட்டில்) ஒவ்வொரு ஸ்வரமும் அழுந்தி, நின்று, தானாகத் தேய்ந்து மறைகிறது. முன்பு அந்தத் தேய்வில்தான் நெளிவு வரும். நேற்று ஒரு ஸ்வரம்கூட வளையவில்லை. பின்னால் கூல்ட் முணுமுணுப்பது தெளிவாகக் கேட்கிறது. 55ஐ எனக்கு எப்போதும் பிடிக்கும், அது ஓட்டம். 81 மெதுவானது என்று ஒதுக்கியிருந்தேன். மெதுவான பியானோதான் கெட்டுப்போன பெல்ட்டுக்கு ஈடுகொடுக்காது என்பது இப்போது புரிகிறது.

எல்லாம் மாறிவிடவில்லை. கிராஃப்ட்வெர்க்கின் 'ஆட்டோபான்' பளிச்சென்று ஒலிக்கிறது, முதல் பக்கம் முழுக்க 22 நிமிடத்துக்கு மேல் ஒரே உருப்படி. ஆனாலும் பாதிக்கு மேல் என் மனம் அதில் நிற்பதில்லை. பழைய வரி அப்படியே இருக்கட்டும். பிளாக் சபாத்தின் 1970 முதல் ஆல்பத்தில் நான் எதையோ இழந்துவிட்டேன். மழையும் மணியும் இடியுமாகத் தொடங்கி அந்த கிட்டார் விழும் இடம், நூற்றுக்கு இரண்டரை மெதுவாகவும் அதே அளவு தாழ்வாகவும் ஓடியபோது இன்னும் கனமாக இருந்தது. நாலு வருஷம் அந்தக் கனத்தைத்தான் நேசித்திருக்கிறேன். சரியான வேகத்தில் கொஞ்சம் லேசாக, அவசரமாகப் படுகிறது. பழகிவிடும் என்று நினைக்கிறேன்.

மறுபடி இதைச் செய்தால் முதல் நாளே காகிதத் துண்டு, முதல் நாளே நூல். எண்ணெய் மூன்றே சொட்டு. ஊசித் தராசைக் கடைசியில் வாங்கினேன், அதை எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்கியிருக்க வேண்டும். நாலு வருஷம் 1.35 கிராமில் ஓடிய தட்டுகளில் சிலவற்றின் கடைசிப் பாட்டு இனி எந்த ஊசியாலும் திரும்பி வராது. 'கால் ஆஃப் த வேலி'யின் இரண்டாம் பக்க முடிவில் குழல் இன்னும் சிராய்கிறது, அது என் தட்டில் நான் செய்த காயம். வேறு பிரதி தேட வேண்டும். இடது ஸ்பீக்கர் வலதைவிட ஒரு துளி சன்னமாக இருக்கிறது. பற்றவைத்த பச்சைக் கம்பி வலது பக்கத்துக்கு உரியது, அதனால் அதன் மேல் சந்தேகம் இல்லை. இடதின் வெள்ளை, நீலக் கம்பிக் கிளிப்புகளைக் கழற்றித் துடைத்துப் பார்க்கப் போகிறேன்.

நோட்டில் நாலு வருஷத்துப் பதிவுகள் மொத்தம் 143. இதுவரை திரும்பக் கேட்டது ஒன்பது. இன்று மாலை பத்தாவதாக 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் முதல் பக்கத்தைப் போட்டு, கீபோர்டில் ஒரு கோர்டை அழுத்தினேன். பில் எவன்ஸ் ஒரு துளி மேலே நின்றார். கீபோர்டை அணைத்துவிட்டுத் தட்டின் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.